தப்புச் செய்த பிள்ளையும் நம் ஊர் நியாயமும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இந்தப் பேச்சை மலருக்காக எழுதித் தரும்படி ஆசிரியர்கள் கேட்டார்கள். பேசியது பேசியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சட்டம் சம்பந்தமான சில விவரங்களை மட்டும் மேடையில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். வீட்டில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு அது பயன்படும்.

பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் பரிசு வாங்காத பிள்ளையைப் பற்றி, அதிலும் தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விழா நாளில் இது என்ன பேச்சு என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சற்று முன்பு நம் பிள்ளைகள் மனுநீதிச் சோழன் நாடகம் போட்டார்கள். பசுவாக வந்த அந்தச் சிறுமி மணியை இழுத்தபோது மண்டபமே அமைதியாகிவிட்டது. பெரிய புராணம் சொல்லும் கதை அது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று விழுந்து இறந்தது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. சோழன் தன் மகன் என்றும் பாராமல் தேர்க்காலில் இட்டான். அரசன் மகனுக்கும் ஆட்டுக்காரன் மகனுக்கும் ஒரே நீதி என்று காட்டினான் பாருங்கள், அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பசு மணி அடித்தது எதற்காக? இளவரசன் சாக வேண்டும் என்றா? அதற்கு வேண்டியது அதன் கன்று. கதையின் கடைசியில் ஆண்டவன் தோன்றி எல்லாரையும் எழுப்பித் தராமல் இருந்திருந்தால், கன்றை இழந்த பசு ஒன்றும் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியும்தான் திருவாரூரில் மிஞ்சியிருப்பார்கள். பீடோங்கில் நாம் நியாயம் பேசும்போது, கடைசியில் ஆண்டவன் வந்து சரிசெய்வார் என்று நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாதே!

நான் கண்ட ஒரு நியாயத்தைச் சொல்கிறேன். 1984 வாக்கில் நடந்தது. இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே புருஷனை இழந்த ஓர் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்திலிருந்து அவருடைய நிரை வெகு தூரம். விடியற்காலை இருட்டில் சைக்கிளில்தான் போவார். ஒருநாள் காலையில் வாசலில் சைக்கிள் இல்லை. எடுத்தவன் பதின்மூன்று வயதுப் பையன், அதே லயத்துப் பிள்ளை. பழைய இரும்புக் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்குத் தள்ளிவிட்டு, சுங்கை பட்டாணிக்குப் போய்ப் படம் பார்த்து, மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இரண்டே நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. லயத்தில் எதுதான் மறையும்? கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். 'போட்டோம்' என்று சொல்கிறேனே, அப்போது கோயில் கமிட்டிக்குச் செயலாளர் நான்தான். தகப்பன் பெல்ட்டைக் கழற்றி எல்லார் முன்னிலையிலும் பையனை அடித்தார். நாங்கள் போதும் போதும் என்று தடுத்தோம், கொஞ்சம் தாமதமாகத்தான் தடுத்தோம். பிறகு எண்பது வெள்ளி நஷ்டஈடு என்று பேசி முடித்தோம். தகப்பன் பலசரக்குக் கடையில் கடன் வாங்கிக் கட்டினார். 'பிரச்சினை சுமுகமாகத் தீர்க்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் எழுதி நானே கையெழுத்தும் போட்டேன்.

இப்போது யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சைக்கிளைப் பறிகொடுத்த அந்த அம்மா கூட்டம் முடியும்வரை வாசற்படிக்கு வெளியே நின்றார். பொம்பளைகள் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் வழக்கம் அப்போது இல்லை. 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பையனும் வாய் திறக்கவில்லை. அடி வாங்கினான், தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தச் சைக்கிள் இல்லாமல் அவர் மூன்று நாள் இருட்டில் நடந்து போனதும், நேரம் கழித்துப் போனதற்கு மண்டோரிடம் ஏச்சு வாங்கியதும், மரம் குறைத்து வெட்டியதால் அந்த மாதச் சம்பளம் குறைந்ததும் அவனுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சைக்கிள், அதற்கு விலை எண்பது வெள்ளியும் பத்துப் பன்னிரண்டு அடியும்.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'சைக்கிள்'. பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். படிவம் இரண்டோடு படிப்பை நிறுத்திவிட்டான். பினாங்குப் பக்கம் லாரி உதவியாளாகப் போனான். சில வருஷம் கழித்து அடிதடி வழக்கில் உள்ளே இருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். 'அன்னைக்கே தெரியும், தேறாத கேஸ்' என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

நாங்கள் விட்டது எதை என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. அதைப் புரியவைத்தது கனடா நாட்டில் நடந்த ஒரு சங்கதி. அங்கே ஒண்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்று ஒரு சிற்றூர், நம் பீடோங் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு ஓர் இரவு, குடிவெறியில் இரண்டு இளைஞர்கள் ஊருக்குள் புகுந்து கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், வேலிகளைப் பிய்த்தெறிந்தார்கள். மொத்தம் 22 பேருடைய சொத்துகள் பாழாயின. வழக்கு நீதிபதி கோர்டன் மெக்கானல் முன் வந்தது. மார்க் யான்சி என்ற நன்னடத்தை அதிகாரி ஒரு யோசனை சொன்னார். இந்த இருவரும் தாங்கள் நாசம் செய்த வீடுகளுக்குப் போய், அந்த வீட்டுக்காரர்களை நேரில் பார்த்துப் பேசினால் என்ன? சட்டத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நீதிபதி இசைந்தார்.

இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். எந்த வீட்டில் என்ன சேதம், எவ்வளவு நஷ்டம், காப்புறுதி எவ்வளவு கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, சம்பாதித்த பணத்தோடு மறுபடியும் அதே வீடுகளுக்குப் போய் மீதியைக் கொடுத்தார்கள். பெல்ட் அடி வாங்குவது சுலபமா, 22 கதவைத் தட்டுவது சுலபமா? பிள்ளைகளே, நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த இருவரில் ஒருவர் ரஸ் கெல்லி. இளம் வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். பின்னாளில் அவரே இந்த முறையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவராக ஆனார்.

இதற்கு இப்போது 'சீரமைப்பு நீதி' என்று பெயர் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து சின்னதுதான். குற்றம் என்பது சர்க்காருக்கு எதிராகச் செய்தது மட்டும் இல்லை, ஒரு மனுஷிக்கு, ஒரு மனுஷனுக்குச் செய்தது. ஆகவே, கடன்பட்டவன் கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் பட்டதைக் காதால் கேட்க வேண்டும். தன்னால் ஆனதைத் தன் கையால் சரிசெய்ய வேண்டும். தகப்பன் கையால் இல்லை, அவன் கையால்.

இதை நாடு முழுவதற்கும் சட்டமாகவே எழுதியது நியூசிலாந்து, 1989ஆம் ஆண்டில். அதன் பின்னணி நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாக விளங்கும். அங்கே மாவோரி என்ற பூர்வகுடி மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் தப்புச் செய்தால், அரசாங்கம் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிகளில் அடைத்தது. பிள்ளைகள் திருந்தியதைவிடக் கெட்டதுதான் அதிகம் என்று மாவோரிப் பெரியவர்கள் குறைப்பட்டார்கள். 'எங்கள் பிள்ளையைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் எங்கள் குடும்பத்தாரும் இருக்க வேண்டும்' என்றார்கள். 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அரசாங்க அறிக்கை அந்தக் குறையை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி சின்னத் தப்புகளுக்குப் போலீசாரே எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிதென்றால் குடும்பக் கூட்டம். பையன், அவன் பெற்றோர், தாத்தா பாட்டி, அத்தை மாமா, போலீஸ்காரர் ஒருவர், நடத்திவைக்கும் அதிகாரி ஒருவர், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக அவர் விரும்பும் ஆள், எல்லாரும் உட்காருவார்கள். பையன் குற்றத்தை மறுக்காமல் இருந்தால்தான் கூட்டம் மேற்கொண்டு நடக்கும். பாதிக்கப்பட்டவர் பேசுவார். பிறகு குடும்பத்தாரைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள். 'நம்ம பிள்ளையை என்ன செய்யலாம்?' என்று குடும்பம் தங்களுக்குள் பேசி ஒரு திட்டத்தோடு வரும். மன்னிப்பு, நஷ்டஈடு, உழைத்துத் தருவது, பள்ளிக்குத் திரும்புவது, யார் அவனைக் கவனித்துக்கொள்வது என்று எல்லாம் அதில் இருக்கும். எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதுவே முடிவு. கொலை போன்ற குற்றங்கள் இதில் சேரா. 2008ஆம் ஆண்டிலிருந்து இளையோர் நீதிமன்ற அமர்வுகள் சிலவற்றை மாவோரி மக்களின் ஊர் மண்டபத்திலேயே நடத்துகிறார்கள். நம் கோயில் மண்டபம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

ஆஸ்திரேலியாவில் ஜோன் பிரைத்வெயிட் என்ற அறிஞர் அதே 1989இல் ஒரு நூல் எழுதினார். வெட்கப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு என்பது அவர் வாதம். 'நீ செய்தது தப்பு, நீ எங்க பிள்ளை' என்று சொல்லி வெட்கப்படுத்துவது ஒன்று. 'நீ திருடன்' என்று பட்டம் கட்டி ஒதுக்குவது இன்னொன்று. முதல் வகை ஆளைத் திரும்பக் கொண்டுவருகிறது. இரண்டாவது, அவனைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் 'சைக்கிள்' என்ற பட்டப்பெயர்தான் ஞாபகம் வந்தது. கும்பலில் சேர்கிற நம் பையன்களை ஏசுகிறோம். அவனை ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் யார் என்று விசாரிப்பதில்லை.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள்.

முன்பு 1947ஆம் ஆண்டு இளம் குற்றவாளிகள் நீதிமன்றச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். 2002 ஆகஸ்டில் நடப்புக்கு வந்து, 2016இல் திருத்தப்பட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் இதில் அடங்குவார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. பிள்ளை கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தகவல் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். (தமிழ்நாட்டிலும் இன்று இப்படித்தான். இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள், அதில் ஒருவர் பெண். 1984இல் எங்கள் கோயில் கமிட்டிக்குத் தோன்றாதது சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது.) பொதுமக்கள் வேடிக்கை பார்க்க அனுமதி இல்லை. 'தண்டனை விதிக்கப்பட்டவன்' என்ற சொல்லையே பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவன் பெயரையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. நாம் என்ன செய்கிறோம்? கடையில் சாக்லேட் எடுத்த பையனின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, 'அனைவரும் பகிரவும்' என்று எழுதுகிறோம். சட்டத்துக்கு இருக்கும் இரக்கம்கூட நம் கைப்பேசிக்கு இல்லை.

குற்றம் உறுதியானால் உடனே விடுதிதான் என்று நினைக்க வேண்டாம். முதலில் நன்னடத்தை அதிகாரி வீட்டு நிலவரம், பள்ளி நிலவரம், உடல்நிலை எல்லாம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். பெற்றோர்களே, அந்த அதிகாரி வீட்டுக்கு வரும்போது மிரளாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதுகிற அந்தச் சில பக்கங்கள் உங்கள் பிள்ளையின் திசையையே மாற்றக்கூடியவை. எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, உறவினர் பொறுப்பில் விடுவது, நஷ்டஈடு, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன. 2016 திருத்தத்தில் சமூக சேவை ஆணையும் சேர்ந்தது. பெற்றோரையே பிணைக் கையெழுத்துப் போடவைத்து, பிள்ளையோடு பயிலரங்குக்குப் போகச் சொல்லவும் முடியும். சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளிகளும், சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளியும் அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில்தான் வருகின்றன.

நியூசிலாந்தின் குடும்பக் கூட்டத்தை இந்தச் சட்டம் எழுதிவைக்கவில்லை. ஆனால் கதவு சாத்தியும் இல்லை. சிறு காயம், அத்துமீறி நுழைதல், தனியாருடைய பொருளுக்குச் சேதம் போன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் சமரசமாக முடிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. போலீசுக்கே போகாத பள்ளிக்கூடத்துத் தகராறுகள் எத்தனை! ஜன்னல் உடைத்தது, பகடிவதை, கைப்பேசி திருட்டு. இவற்றை நாம் எப்படி முடிக்கிறோம் என்பது நம் கையில்தான்.

இன்னொன்று. 'குற்றத்தை ஒப்புக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்டா' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள வைப்பது பாவம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. அங்கே இலவசமாகக் கிடைக்கும். கேட்டுப் பெறுங்கள்.

நமக்கு இது புதிதா என்றால், பாதி புதிது, பாதி பழசு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள், போலீசோடு மோதல் வந்தது, படை ஒடுக்கப்பட்டது. யாரும் சொல்லாமல் தோட்டத்து ஜனங்களே தங்களைத் திருத்திக்கொள்ளக் கிளம்பிய காலம் அது. ரொம்பக் கடுமையான காலமும்கூட, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதோ ஒரு வகையில் ஊர் நியாயம் இருந்தது. லயத்தில் ஒருத்தன் மாங்காய் அடித்தால் ஒன்பது வீட்டு அத்தைகள் காதைத் திருகுவார்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. மலிவுவிலை வீட்டில் பக்கத்துக் கதவு யாருடையது என்று தெரியவில்லை. காதைத் திருக அத்தை இல்லாததால் நேரே போலீஸ்காரர் வருகிறார்.

ஆனால் பழைய பஞ்சாயத்தை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் சத்தமாகப் பேசுகிறவன் பேச்சுத்தான் எடுபட்டது. பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றால் ஒரு நியாயம், இல்லாதவன் பிள்ளை என்றால் ஒரு நியாயம். ஜாதி பார்த்ததும் உண்டு. பாதிக்கப்பட்டவரை, 'போனது போகட்டும், ஒரே ஊருக்குள்ள இருக்கோம்' என்று அமுக்கிவிடுவதற்குத்தான் சமாதானம் என்று பெயர் வைத்தோம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வற்புறுத்தி உட்காரவைத்தால் அது அவருக்கு இரண்டாவது அடி.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் எந்தக் கூட்டமும் கிடையாது, எந்தப் பேச்சும் கிடையாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். கோயில் தலைவராக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி, மானம் போய்விடும் என்று மூடி மறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கத்தி, கும்பல் என்று வருகிற விவகாரமும் மண்டபத்தில் தீராது. நேரே போலீஸ்.

மற்றபடி, இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தீங்கு செய்தால் என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரில் 1991ஆம் ஆண்டு டெரி ஓ'கானல் என்ற போலீஸ்காரர் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தத் தொடங்கினார். கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு அதன்படியே கேட்பார். நம் பாணியில் சொன்னால் இப்படி இருக்கும்: 'என்னப்பா நடந்துச்சு? அப்போ மனசுல என்ன நினைச்ச? இதனால யார் யாருக்கு என்ன ஆச்சு? இப்போ அதைச் சரிபண்ண நீ என்ன செய்யப் போற?' அடிபட்ட பிள்ளையிடம், 'உனக்கு எது ரொம்ப வலிச்சது? என்ன செஞ்சா உனக்குத் திருப்தி?' என்று கேட்க வேண்டும். கவனியுங்கள், 'ஏன்டா செஞ்ச?' என்ற கேள்வி அதில் இல்லை. 'ஏன்' என்று கேட்டால் எந்தப் பையனும் கீழே பார்ப்பான் அல்லது பொய் சொல்வான். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிதானமாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று பேரை, அவர்களில் ஓர் அம்மா கட்டாயம் இருக்கும்படி, தேர்ந்தெடுங்கள். சமூக நல இலாகா அதிகாரியை அழைத்து அவர்களுக்கு வழி சொல்லித்தரச் சொல்லுங்கள். பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு வகுப்பறை, வட்டமாக நாற்காலிகள், ஒரு பிளாஸ்க் தேநீர் இருந்தால் போதும். எல்லாப் பிள்ளையும் இதனால் திருந்திவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆய்வு செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி தப்புச் செய்வது ஓரளவு குறைகிறது என்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் மனம் ஆறுகிறது என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

ஏன் என்றால், சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தோட்டம் போய்விட்டது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தபோது சைக்கிள் பேச்சும் வந்தது. 'காசு வந்துச்சுங்க தம்பி, அதை நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பையன் அப்புறம் என்னைக் கண்டா வேற பாதையில போயிடுவான். என் பிள்ளைகளோட வெளையாடினவன். என் வீட்ல கஞ்சி குடிச்சவன். எத்தனையோ வீட்டு வாசல்ல சைக்கிள் நின்னுச்சே, என்னோடது எதுக்குடான்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். நீங்க யாரும் கேக்க விடல' என்றார்.

இந்த உரையைத் தயார் செய்தபோது அந்தப் பையனைத் தேடிப் போனேன். பையன் என்கிறேன், ஐம்பதைத் தாண்டியவன். பேரப்பிள்ளை இருக்கிறது. மோட்டார் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். என்னை உட்காரச் சொல்லிக் கோப்பி வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்ததும், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அந்தம்மா இன்னும் இருக்காங்களாண்ணே?' என்று கேட்டான்.

இருக்கிறார் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.